உருளை வைத்த சலவை இயந்திரம்: பட்டறைக் குறிப்புகள்

ஜனவரி 4, 2025

வந்து இறங்கிவிட்டது. நான்கு கால், வெள்ளை எனாமல் தொட்டி, தொட்டியின் தோளில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய ஒரு தலை, அதற்குள் இரண்டு ரப்பர் உருளைகள். துணியைத் தொட்டியில் அலசி, உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழிந்தெடுக்கும் வகை. தானியங்கி இயந்திரங்கள் பரவிய பிறகும் இந்த வகை சட்டென்று ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவின் மேடாக் நிறுவனம் 1983 வரைக்கும் இதைச் செய்துகொண்டிருந்தது. என்னிடம் வந்திருப்பது யாருடைய கைவேலை என்று தெரியவில்லை. பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டி, மேலே ஒரு கோட் பெயின்ட் இழுத்திருக்கிறார்கள்.

நல்லவேளை, அடிச்சட்டத்தில் ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று தப்பித்திருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை எண்கள் வரிசையாக இருக்கின்றன. பத்து லட்சமாவது அமெரிக்கக் காப்புரிமை 1911இல் வழங்கப்பட்டது, இருபது லட்சமாவது 1935இல். தகட்டின் கடைசி எண் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆக 1935க்கு முன்னால் இது பிறந்திருக்க வழியில்லை. எதுவரை என்பதற்கு இந்த எண்கள் உதவாது. ஒரே தகட்டைப் பல வருடங்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். திருகுகள் எல்லாம் ஒற்றைக் கோடு போட்டவை. ஒன்றே ஒன்று மட்டும் நட்சத்திரத் தலை. அது பின்னால் வந்த எவரோ செய்த பழுதுவேலை.

ஜனவரி 5

எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்த தம்பி பார்க்க வந்தான். சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அண்ணே, ஒரு தடவை பிளக்கைச் சொருகிப் பார்த்துடலாமா?" என்றான்.

"வேணாம்டா. ஒயரைத் தொட்டுப் பாரு முதல்ல."

மடக்கினான். ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜனவரி 11

மின்சார வேலை. பழைய இயந்திரம் சேர்ப்பவர்கள் பலர் பெயின்ட்டில் ஆரம்பிப்பார்கள். எனக்கு இதுதான் முதல்.

அந்தக் கால ரப்பர் காப்பு காற்றும் வெப்பமும் பட்டுக் காய்ந்து, வளைத்தால் வெடிக்கும். மேலே துணி உறை இருப்பதால் வெளியே பார்க்க ஒயர் திடமாகத் தெரியும். உள்ளே செம்பு அம்மணமாக இருக்கும். பிளக்கில் இரண்டே கால், எர்த் கிடையாது. உடம்பு முழுவதும் இரும்பு, உள்ளே தண்ணீர், ஈரக் கையோடு நிற்கும் மனிதர். இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஒயர் மொத்தத்தையும் கழற்றி மாற்றினேன். புது மூன்று கோர் கேபிள். எர்த் கம்பியை பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் தனி போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. இது 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் வழியாகத்தான் ஓடும். துணி உறை போட்ட கேபிள் இன்றும் கிடைக்கிறது, பழைய தோற்றம் வேண்டுமென்றால் அதைப் போடலாம். நான் போடவில்லை. புது ஒயர் புது ஒயராகவே தெரியட்டும். அடுத்து திறக்கிறவருக்கு எது எப்போது வந்தது என்று புரியும்.

மோட்டாரின் மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் 500 வோல்ட் மெகரில் பார்த்தோம். முதலில் அரை மெகோம்கூட வரவில்லை. வைண்டிங், அதாவது உள்ளிருக்கும் செம்புச் சுருள், போய்விட்டது என்று தம்பி முகத்தைச் சுளித்தான். நிறைய நேரம் அது வெறும் ஈரம்தான். மோட்டாரைப் பிரித்து, நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைப் பக்கத்தில் எரியவிட்டு, அட்டைப்பெட்டியால் மூடி வைத்திருக்கிறோம்.

இது கெபாசிட்டர் இல்லாமல், கிளம்புவதற்கென்று உள்ள தனிச் சுருளின் உதவியில் ஓடத் தொடங்கும் ஸ்ப்ளிட் ஃபேஸ் மோட்டார். கெபாசிட்டர் உள்ளதாக இருந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: 1970களின் கடைசிவரை அவற்றில் பலவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் ஊற்றுவது வழக்கம். வீங்கியோ கசிந்தோ இருந்தால் வெறுங்கையால் தொடக்கூடாது.

ஜனவரி 12

மெகர் முள் நன்றாக ஏறிவிட்டது. ஈரம்தான்.

ஜனவரி 18

கியர் பெட்டி. இந்த இயந்திரத்தின் புத்திசாலித்தனமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அஜிடேட்டரை, அதாவது தொட்டியின் நடுவில் நின்று துணியை அலசும் இறக்கைத் துண்டை, கழற்ற வேண்டும். அலுமினிய அஜிடேட்டர், எஃகு ஷாஃப்ட். எத்தனையோ வருடச் சோப்புக்கறை இரண்டையும் ஒட்டவைத்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் சுத்தியல் எடுத்தால் இறக்கை உடையும். சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் கொதிக்கும் தண்ணீரை அதன் கழுத்தில் மெதுவாக ஊற்றிக்கொண்டே, அடியில் கயிறு கட்டி நேராக மேலே இழுத்தோம். அவசரப்படாமல் விட்டுவிட்டு ஊற்ற, 'டப்' என்று வந்தது.

தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் கல்லாகிப்போன ஒரு படலம். சோப்பும் உப்புத்தண்ணீரின் கால்சியமும் சேர்ந்து கட்டிய கறை அது. செயற்கை டிடர்ஜென்ட் இப்படிப் படியாது. ஆகவே இந்தத் தொட்டி சோப்புச் சீவல் போட்டுத் துவைத்த காலத்தைப் பார்த்திருக்கிறது. சுடுதண்ணீரில் வாஷிங் சோடா கரைத்து ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டினேன். வினிகர் ஊற்றச் சொல்வார்கள். பழைய எனாமல் பல அமிலம் தாங்காது, பளபளப்பு போய் மங்கிவிடும்.

பெட்டியைத் திறந்தால் எண்ணெய் தார் போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு அலசிய பிறகு உள்ளே ஒரு அழகான ஏற்பாடு தெரிந்தது. மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. வேகம் குறைந்து ஒரு பெரிய பல்சக்கரத்துக்கு வருகிறது. அந்தச் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு முளை, முளையில் இணைப்புத் தண்டு. தண்டின் மறுமுனை விசிறி வடிவப் பல் துண்டு ஒன்றை முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்த விசிறி நடு ஷாஃப்ட்டின் சின்னப் பல்சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறது. மோட்டார் திசை மாறவே வேண்டாம். ரிலே, டைமர், எலெக்ட்ரானிக் பலகை எதுவும் வேண்டாம். கையால் புல்லியைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடியிலிருந்து இப்படித் தண்ணீரை உதைத்துத் துணிக்குள் செலுத்துவது மேடாக் 1922இல் கொண்டுவந்த கைராஃபோம் என்ற இயந்திரத்தில் பிரபலமானது. அதற்கு முன் பல இயந்திரங்களில் மூடியிலிருந்து தொங்கும் மரக்கட்டை துணியைப் பிடித்து இழுத்துப் புரட்டும். துணி என்ன பாடுபட்டிருக்கும்!

ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையங்களான வெண்கல புஷ்களைத் தனியாக எடுத்து வைத்தேன். நுண்துளைகளுக்குள் எண்ணெயைத் தேக்கிவைத்துத் தானே உயவிக்கொள்ளும் ரகம் அவை. மண்ணெண்ணெயில் கழுவினால் தேங்கிய எண்ணெயும் போய்விடும். கழுவியதும் வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறப்போட்டால்தான் திரும்ப வேலை செய்யும்.

ஜனவரி 26

துரு. கால்களும் அடிச்சட்டமும் மின்பகுப்புத் தொட்டியில் கிடக்கின்றன: தண்ணீரில் வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், நெகட்டிவ் நம் பொருளுக்கு, பாசிட்டிவ் உதவாத இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் விஷச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் வெட்டவெளியில் வைத்திருக்கிறேன். அலுமினிய அஜிடேட்டரை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது, சோடா அதை அரித்துவிடும்.

தொட்டியின் விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடங்கள் இருக்கின்றன. எனாமல் என்பது பெயின்ட் அல்ல, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. அதைத் திரும்பப் போட வேண்டுமென்றால் முழுத் தொட்டியும் சூளைக்குப் போக வேண்டும். பெயர்ந்த இடத்தில் துருவை நிறுத்தி, எபாக்சி தொட்டுவைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு வேலை பண்றீங்க, முழுசா ஒரு பெயின்ட் அடிச்சா ஷோரூம் பீஸ் மாதிரி இருக்குமேண்ணே." இருக்கும்தான். ஆனால் உருளைத் தலைக்குக் கீழே, சரியாக ஒருவர் நின்று கை வைக்கும் இடத்தில், எனாமல் மழுங்கித் தேய்ந்திருக்கிறது. அதைப் பெயின்ட்டால் மூடினால் இது எவரும் தொடாத இயந்திரமாகிவிடும். யாரோ இழுத்த அந்த ஒரு கோட் பெயின்ட்டை மட்டும் கரைத்து எடுத்தேன். பெயர் கிடைக்குமென்று ஒரு நப்பாசை. கிடைக்கவில்லை.

பிப்ரவரி 2

தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருக்கிறது. சைக்கிள் என்பது இன்றைய ஹெர்ட்ஸ்; நம் மின்சாரத்தில் அது 50. டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், சைக்கிளை மாற்றாது.

50 ஹெர்ட்ஸில் இந்த நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1725க்குப் பதில் 1425 சுற்றுதான் சுற்றும். அதே 115 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்புக் கருவில் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடி மோட்டார் கொதிக்கும். வோல்டேஜையும் அதே விகிதத்தில் 96 அளவுக்கு இறக்க வேண்டும். இன்னொரு சிக்கலை யாரும் அதிகம் சொல்வதில்லை. கிளம்ப மட்டும் தேவைப்படும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை, வேகம் ஏறியதும் வெட்டிவிடும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், பொதுவாக ஒத்திசைவு வேகத்தின் (மோட்டாரின் காந்தப்புலம் சுற்றும் வேகம்) முக்கால் பங்கில் திறக்கும். 60 ஹெர்ட்ஸில் அந்த வேகம் 1800, அதில் முக்கால் 1350. முழு வேகமே 1425 என்றால் இடைவெளி மிகக் குறைவு. பாரம் கூடி வேகம் சற்று இறங்கியே நின்றால் சுவிட்ச் திறக்காமல் வைண்டிங் கருகும்.

ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தோம். மோட்டார் கிளம்பி, சுவிட்ச் சொடுக்கியதும் ஆம்பியர் சட்டென்று விழுந்தது. பாரத்தோடும் அதேபோல. அஜிடேட்டர் கொஞ்சம் நிதானமாக அசைகிறது. மோட்டார் புல்லியைப் பெரிதாக்கினால் பழைய வேகம் வரும், ஆனால் மோட்டாருக்குப் பாரம் கூடும். அப்படியே விட்டுவிட்டேன். நிதானமாகத் துவைத்தால் துணிக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

பிப்ரவரி 9

உருளைத் தலை. எனக்குப் பயமுள்ள பகுதி.

மோட்டார் சுற்றும் உருளைகள் துணியை இழுப்பது போலவே விரலையும் இழுக்கும், விரலோடு கையையும். குழந்தைகளின் கை முழங்கை வரை போய்ச் சதை நசுங்கிய சம்பவங்கள் அவ்வளவு இருந்ததால், 'ரிங்கர் ஆர்ம்' என்று இந்தக் காயத்துக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே உண்டு. அதனால்தான் தலையின் மேல் விடுவிப்பு நெம்புகோல் வைத்தார்கள்: ஒரு தட்டு தட்டினால் மேல் சட்டம் எகிறி, உருளைகளின் அழுத்தம் விட்டுப்போகும்.

என் இயந்திரத்தின் நெம்புகோல் தட்டியதும் விடுவித்தது. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வார்ப்பு முழுக்க மயிரிழை வெடிப்புகள், ஒரு ஓரம் லேசாக உப்பல். துத்தநாகக் கலவை நோய். வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், ஈரம் பட்டுப் பட்டு உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். பொருள் வீங்கி, வெடித்து, ஒரு நாள் கையோடு வரும். ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது.

"இப்ப வேலை செய்யுதேண்ணே, ஒரிஜினல் பார்ட்டாச்சே," என்றான் தம்பி. மற்ற எல்லாவற்றிலும் ஒரிஜினலை விட்டுவைக்கச் சொல்பவன் நான்தான். மின்சாரமும் விரலும் படும் இடத்தில் அந்தப் பேச்சு கிடையாது. பழையதை அளவெடுத்து, பித்தளையில் புதிதாகக் கடைந்து பொருத்தினோம். பழையது சீட்டு கட்டி டப்பாவில் இருக்கிறது.

உருளைகளின் ரப்பரும் இறுகிவிட்டது. அழுத்தத்தை விடாமலேயே வருடக்கணக்கில் நிறுத்திவைத்ததில் இரண்டிலும் ஒரு தட்டை வரி விழுந்திருக்கிறது. சாண்ட் பேப்பரில் உருட்டினால் மேல்தோல் மென்மையாகும், தட்டை போகாது. புது ரப்பர் ஏற்றக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 22

உருளைகள் திரும்பி வந்தன. மாட்டி, முதல் துவைப்பு. அழுக்குத் துண்டுகளும் பட்டறைச் சட்டைகளும்.

டிடர்ஜென்ட்டை மிகக் குறைவாகப் போட வேண்டும். இல்லையென்றால் நுரை பொங்கி மேலே வந்து அஜிடேட்டர் பஞ்சுக்குள் அசைவது போலச் சும்மா அசையும். அலச மறு தொட்டி வேண்டும். சோப்புத் தண்ணீரைக் கொட்டாமல் வெளுத்த துணி முதலில், கறுத்தது கடைசியில் என்று ஒரே தண்ணீரில் முடித்துவிடலாம். இன்றைய இயந்திரம் இதைச் செய்ய விடாது. அதற்கு ஈடாக அது நம்மைப் பக்கத்தில் நிற்கவும் விடாது. இதை விட்டு ஒரு நிமிடம் நகர முடியாது. தம்பி துண்டை மடித்து உருளையில் கொடுத்தான். பொத்தான் வைத்த சட்டையை மட்டும் பொத்தான் உள்பக்கம் வரும்படி மடிக்கச் சொன்னேன், இல்லையென்றால் பொத்தான் துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும்.

முதல் மின் சலவை இயந்திரம் யாருடையது என்று அவன் கேட்டான். பலரும் ஆல்வா ஃபிஷர் பெயரைச் சொல்வார்கள். அவருக்கு 1910இல் கிடைத்த காப்புரிமை இயக்க அமைப்புக்கானது. மின் சலவை இயந்திர விளம்பரங்கள் 1904லேயே வந்துவிட்டன. ஒரே ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

பிப்ரவரி 23

ராத்திரி முழுக்க நின்றதில் நடு ஷாஃப்ட்டின் அடியில் எண்ணெய் கசிந்து தட்டில் வட்டமாகத் தேங்கியிருக்கிறது. தொட்டித் தண்ணீர் சொட்டுக்கூட இறங்கவில்லை, ஆகவே மேல் சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) சரி. கீழ் சீல்தான் போயிருக்கிறது. ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். புது சீலை அதே இடத்தில் உட்காரவைத்தால் திரும்பவும் கசியும். கொஞ்சம் மேலே தள்ளி, தேயாத இடத்தில் சீலின் உதடு படும்படி வைக்க வேண்டும். அளவு எடுத்துவிட்டேன். உருளைகளின் அழுத்தத்தைத் தளர்த்தி வைத்தாயிற்று. சனிக்கிழமை பெட்டியைத் திரும்பத் திறக்கிறோம்.