பதினோரு நிமிடம்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய், பாளையங்கோட்டை

காலை 10.30க்கு ஒரு ஆன்லைன் மீட்டிங். அழைப்பில் என்ன ஏது என்று ஒரு வரி இல்லை. உள்ளே போனால் மேனேஜர், பக்கத்துக் கட்டத்தில் நான் பார்த்தே இராத ஹெச்ஆர் பெண். அப்போதே புரிந்துவிட்டது. நானாக ராஜினாமா கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவார்களாம். இல்லையென்றால் வேலை சரியில்லை என்று எழுதி அனுப்புவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மொத்தம் பதினோரு நிமிடம்.

நானாக விலகுவதென்றால் தொண்ணூறு நாள் முன்னால் சொல்ல வேண்டும். சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருக்கிறது.

போன மாதக் கடைசியில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் செய்தி வந்தபோது, எங்கள் டீம் குரூப்பில் "நம்ம கம்பெனி சின்னது, இதெல்லாம் வராது" என்று எழுதியவன் நான்தான்.

வீட்டில் சொல்லவில்லை. அம்மா சொதி வைத்திருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏல, ஒம்பது வருசம் வேல பாத்தவன போன்லயா போவச் சொன்னாவ? நேர்ல கூப்ட்டு, ஒரு காப்பி குடுத்துச் சொல்லக் கூடாதோ?" என்றார். வேலை போனதைவிட அந்தக் காப்பி இல்லாததுதான் அவருக்கு வலித்தது.

அப்பா டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் 31 வருஷம் இருந்தவர். முதலாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். அக்கா கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து, பந்தி முடியும்வரை இருந்தாராம். அப்பாவுக்கு குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தாராம். இதெல்லாம் பொய் இல்லை. பெஞ்சில் அவர் படுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். 2014ல் அப்பா நின்றபோது வெள்ளித் தட்டில் தாம்பூலம் வைத்து 25,000 ரூபாய் கொடுத்தார். தட்டு இன்னமும் ஷோகேஸில் இருக்கிறது. பிஎஃப் மட்டும் கடைசிவரை இல்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

கோர்ட்டில் இருக்கிற நண்பனிடம் கேட்டேன். கம்பெனி தானாக ஆட்குறைப்பு செய்தால், 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. "அதுக்குத்தாம்ல ஒங்கையால எழுதச் சொல்லுதாவ" என்றான். கேஸ் போடலாம், உன் வேலையும் தொழிலாளி கணக்கில்தான் வரும் என்று வாதாடலாம், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றான்.

மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. 1929ல் தொடங்கிய 99 வருஷக் குத்தகை 2028 வரைக்கும் இருக்கிறது. ஆனால் 2024லேயே தோட்டத் தொழிலாளர்கள் கைக்கு விருப்ப ஓய்வுப் படிவம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு மலையை விட்டு இறங்க 'விருப்பம்'. எனக்கு 'ராஜினாமா'. இந்த மாதிரி வார்த்தைகளை யார்தான் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறார்களோ.

வீட்டுக் கடன் இருக்கிறது. சாயந்திரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ராத்திரி கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளம் 52,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 30,000. ஒன்பது வருஷம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேலே போனால் முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக பத்து வருஷம், மூன்று லட்சம். ராஜினாமா செய்தாலும் இது உண்டு. முகம் தெரியாத அந்தப் பெண்ணும் இதை நிறுத்த முடியாது.

பேனாவை மூடாமல், அதே தாளில் கீழே அப்பாவுக்கும் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சம்பளம் 9,100. வருஷம் 31. கடையில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள், அதனால் சட்டம் பொருந்தும். 1,62,750 ரூபாய். தட்டில் வந்தது 25,000.

தாளைக் கிழித்துவிட்டேன். அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சும் சேர்ந்து போய்விடும்.

11 ஆகஸ்ட், திங்கள்

லேப்டாப்பை கூரியரில் அனுப்பச் சொல்லி மெயில். நான் செல்லோ டேப்பை எடுத்தேன், அப்பா விடவில்லை. பெட்டியை மடியில் வைத்து, சணலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நடுவில் உருவாஞ்சுருக்கு போட்டு, மிச்சத்தை விரலில் சுற்றி ஒரே வெட்டில் அறுத்தார். கத்தி கிடையாது. பட்டுச்சேலைப் பார்சல் மாதிரி இருந்தது. பதினோரு வருஷமாகியும் கை மறக்கவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

ராத்திரி 11.40க்கு போன். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், கோவில்பட்டிக்காரன். "அண்ணே, தப்பா நினைக்காதிய. ராத்திரி ஓடுற பேட்ச் புரோகிராம் விழுந்துட்டு. காலைல ஆறு மணிக்குள்ள கிளையண்டுக்கு ஃபைல் போகணும்."

எங்கே விழுந்தது என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. 2019ல் அவசரத்துக்கு நான் வைத்த ஒட்டு. எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஒன்றரை மணிக்கு ஓடிவிட்டது. "சும்மாவா செஞ்சு குடுத்த?" என்று நண்பர்கள் திட்டுவார்கள். கம்பெனிக்கு என்றால் போனையே எடுத்திருக்க மாட்டேன். அந்தப் பையன் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அடுத்த பட்டியலுக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வைக்கும் முன்னால் அவனே சொன்னான்: "அண்ணே, ஒங்க பெட்டி வந்துட்டு. அட்மின்ல பிரிக்கத் தெரியாம கத்திரிய வச்சு வெட்டுனாவ."

காலையில் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்தார்.

"வெட்டிட்டானுவளா? ஒரு நுனிய இழுத்திருந்தா அவுந்திருக்குமேல."