பச்சை வாசனை போகும்வரை

டிசம்பர் 3

ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. மூக்கு வாசனை அறிவதையே நிறுத்திவிட்டது, திரும்ப வருமா என்று காலையில் ஒரு சுற்று முகர்கிறேன், ராத்திரி ஒரு சுற்று. ஒன்றும் இல்லை.

டிசம்பர் 4

வெங்காய சூப். வீடியோவில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே "பச்சை வாசனை போகும்வரை வதக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். போனதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? சமையல் குறிப்பு சொல்கிறவர்கள் எல்லாரும் கடிகாரத்தை மூக்கில்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள். மணம் எழும்பியதும், கமகமவென்று வந்ததும், பச்சை வாசனை அடங்கியதும். சரி, கண்ணால் பார்த்துச் செய்வோம் என்று வெங்காயத்தை மெலிதாக நறுக்கி, அடுப்பைச் சிம்மில் வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நறுக்கும்போது கண்ணில் தண்ணீர் மட்டும் வழக்கம்போலக் கொட்டியது. அது வேறு நரம்பின் வேலையாம், மூக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பத்து நிமிடத்தில் பொன்னிறம் என்று எழுதுகிறார்களே, அது சுத்தப் பொய். வெங்காயத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது வற்றாமல் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் நிறம் ஏறாது. கண்ணாடிப் பதம் வரவே வெகுநேரம் ஆனது. அப்புறம் வெளிர்மஞ்சள், அப்புறம் ஓரமெல்லாம் பழுப்பு, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் மொத்தமும் சுருண்டு, கரண்டியோடு இழுபடும் ஒரு கருஞ்சிவப்புக் குவியல். பார்க்க அவ்வளவு அழகு. வாயில் வைத்தால் இனிப்பு, உப்பு, சூடு. அவ்வளவுதான்.

தம்பி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு "செம வாசனைக்கா" என்றான். எப்படி இருக்கு, சொல்லேன் என்றேன். யோசித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றான். கோபம் வந்தது.

டிசம்பர் 6

ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9

இனிமேல் எண் இருக்கிற செய்முறை மட்டும். வாசம், பதம், கைப்பக்குவம் என்று எழுதியிருந்தால் அடுத்த பக்கம்.

பிசையாத ரொட்டி. 2006-ல் நியூயார்க் டைம்ஸில் வந்து உலகம் முழுக்கப் பரவியதே, ஜிம் லேஹி என்ற ரொட்டிக்காரரின் முறை. மாவு 400 கிராம், தண்ணீர் 300, உப்பு 8, ஈஸ்ட் கால் டீஸ்பூன். கரண்டியால் கலந்து மூடி வைத்துவிட வேண்டியது, கை நோகப் பிசைய வேண்டாம். 12-லிருந்து 18 மணி நேரம் என்கிறார்கள், இந்தக் குளிரில் அதற்கும் மேலேயே ஆகும். இப்போது மூடி போட்டு அலமாரி மேல் இருக்கிறது.

டிசம்பர் 10

ரொட்டி கத்துகிறது! கனத்த இரும்புப் பாத்திரத்தை 230 டிகிரியில் நன்றாகக் காயவிட்டு, மாவை அதில் கவிழ்த்து, மூடி போட்டு அரை மணி, மூடாமல் கால் மணி. வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வைத்ததும் படபட, சடசட என்று மேல் ஓடு முழுக்க மெல்ல வெடிக்க ஆரம்பித்தது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் வேறு வேறு வேகத்தில் ஆறிச் சுருங்குவதால் வரும் சத்தம். காதைக் கிட்டே கொண்டுபோய், கன்னத்தில் அனல் அடிக்க, அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இதை ஏன் யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை?

நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 96. வெந்தாயிற்று. யாரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லவில்லை.

டிசம்பர் 11

ரொட்டியின் ஓடு மட்டும் சாப்பிட்டேன். மூன்று வேளையும்.

டிசம்பர் 15

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பது, வந்து படுப்பது, திரும்ப எழுவது. அணைத்திருக்கிறேன், தெரியும், குமிழைத் தொட்டே பார்த்தேன். ஆனால் குமிழ் சரியாக இருந்து குழாயில் கசிந்தால்? சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். நாற்றமடிக்கும் கந்தகச் சரக்கு ஒன்றை வேண்டுமென்றே கலக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாயு கசிந்து தேங்கியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை, ஒரு தீப்பொறி, கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே கட்டாயம் நாற்றம் சேர்க்கச் சட்டம் போட்டார்கள், மற்ற இடங்களும் பின்பற்றின. அத்தனை பேர் செத்துக் கிடைத்த அந்த நாற்றம் எனக்கு மட்டும் வராது. ராத்திரி மூன்று மணிக்கு இதையெல்லாம் படிக்கக் கூடாது என்று தெரியும், படித்தேன். தம்பியை எழுப்பி மோந்து பார்க்கச் சொன்னேன். பாவம், கண்ணைத் திறக்காமலே வந்து அடுப்பு முன்னால் நின்று மூச்சை இழுத்து "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான். அவன் வேலை விஷயமாக வெளியூர் போகிற நாட்களில் என்ன செய்வது?

டிசம்பர் 16

அலாரம் வாங்கியாயிற்று. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், அதற்குக் கீழே மாட்ட வேண்டும். குழாயில் வருவது மேலே எழும்பும், அதற்குக் கூரைப் பக்கம். எங்களுடையது சிலிண்டர், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆணி அடித்தோம். தூங்கினேன்.

டிசம்பர் 20

சிவப்பு ராஜ்மா, தக்காளி, மிளகாய், கொஞ்சம் சாக்லேட். ஆம், சமையலில்தான். மெக்சிகோக்காரர்கள் போடுகிறார்கள். இந்தப் பயறை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடுவது முக்கியம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்திதான், அதில் இருக்கும் நச்சுப் புரதம் மிதமான சூட்டுக்கு அசையாது.

காரம் தெரிகிறது! முழுசாகத் தெரிகிறது. காரம் சுவையே இல்லையாம். சூட்டை உணர்கிற நரம்பை மிளகாய் ஏமாற்றுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும், தொடுதலை எந்த வாசல் வழியாக உடம்பு அறிகிறது என்று கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கும் 2021-ல் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். சூடும் தொடுதலும். எனக்கு மிச்சம் இருப்பதே அவை இரண்டும்தான். இன்னும் இரண்டு மிளகாய் கிள்ளிப் போட்டேன். மூக்கு ஒழுகியது. ஒழுக மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் 25

அம்மா போனில் "இன்னுமா வரல?" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

டிசம்பர் 28

முட்டைக்கோஸ் ஒரு கிலோ, உப்பு 20 கிராம். மெலிதாகச் சீவி, உப்பைத் தூவி, கையால் நன்றாகக் கசக்கினேன். முதலில் முரட்டுத்தனமாக மொறமொறத்தது, கொஞ்ச நேரத்தில் தளர்ந்து, விரல் இடுக்கில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, எல்லாம் அதனுடையது. கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, தண்ணீர் மேலே நிற்கும்படி ஒரு கனமான மூடியை வைத்தேன். காற்று படாமல் இருந்தால் போதும், மற்றதைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்.

கேப்டன் குக் 1768-ல் கப்பலேறியபோது ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வராமல் இருக்க இதைத்தான் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிப் போனார். மாலுமிகள் தொட மாட்டேன் என்றார்களாம். அவர் அதிகாரிகள் மேஜையில் மட்டும் தினமும் பரிமாறச் சொன்னார். கொஞ்ச நாளிலேயே எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றார்களாம். தம்பியிடம் இது உனக்கு இல்லை என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 2

ஜாடியில் குமிழ்கள்.

ஜனவரி 5

இது புளித்திருக்கிறதா, கெட்டிருக்கிறதா? எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்." சரிதான். கண்ணுக்குப் பூஞ்சை எதுவும் இல்லை, வெள்ளைப் படலம் இல்லை, நிறம் மாறவில்லை. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வாங்கி நனைத்தேன். 4-க்குக் கீழே. 4.6-க்குக் கீழே போய்விட்டால் நாம் பயப்படும் கிருமி வளராது என்கிறார்கள். மூக்குக்குப் பதில் ஒரு துண்டுக் காகிதம். வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் தம்பி கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்கிறான், குக் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது அந்தப் புளிப்பு. கடவாய்ப் பல் கூசுகிற புளிப்பு, அப்புறம் கறுக்முறுக். நாக்குக்குத் தெரிந்த ஐந்தில் ஒன்றாவது வேலை செய்கிறதே.

ஜனவரி 11

நாக்கின் ஐந்தாவது சுவை, உமாமி. ஜப்பானில் கிகுனே இகெடா 1908-ல் கொம்பு என்ற கடற்பாசி ரசத்திலிருந்து பிரித்தெடுத்தது, குளூட்டமேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பாசி, கொதிக்க விடாமல் வெதுவெதுப்பாகவே வைத்திருந்து, கொதி வருமுன் பாசியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழுவழுப்பாகிவிடும். உலர்ந்த ஷிடாகே காளானையும் ஊறவைத்துச் சேர்த்தேன், இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு. பார்க்க வெறும் மங்கலான தண்ணீர். ஒரு மடக்குக் குடித்ததும் நாக்கின் பின்பக்கம் வரை நிரம்பி, விழுங்கிய பிறகும் போகவில்லை. இத்தனை வாரத்தில் முதல் தடவை சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது. நின்றுகொண்டே மூன்று கோப்பை குடித்தேன். அழுகை வந்தது, காரணம் கேட்காதீர்கள்.

ஜனவரி 12

திரும்ப அதே ரசம்.

ஜனவரி 13

அதே.

ஜனவரி 19

ரோஜா இல்லை. யூகலிப்டஸில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் அது வாசனையில் சேராது, அதுவும் அந்த இன்னொரு நரம்புதான். எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. 2009-ல் ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழு இந்த நான்கை வைத்து 12 வாரம் செய்து பார்த்தார்கள், முகர்ந்தவர்களுக்கு முகராதவர்களைவிடப் பரவாயில்லை. பரவாயில்லை! எவ்வளவு மெத்தனமான நம்பிக்கை. தினமும் கிராம்பு டப்பாவைத் திறக்கும்போது அது என்னைக் கேலி செய்வதாகவே படுகிறது.

ஜனவரி 27

ஆரஞ்சு உரிக்கும்போது. ஒரு நொடி. தோலை மடக்கியதும் அந்தப் பொடிச் சாரல் விரலில் பட்டது, அப்போது. மூன்று பழத்தை வரிசையாக உரித்தேன், திரும்ப வரவில்லை. நான் கற்பனை செய்யவில்லை. தம்பி நம்புகிற மாதிரித் தலையாட்டினான், அதைப் பார்த்தாலே தெரிகிறது நம்பவில்லை என்று.

பிப்ரவரி 4

காப்பி நாறுகிறது.

தம்பி போட்ட காப்பி, அறைக்குள் கொண்டுவந்தான், ரப்பர் எரிகிற மாதிரி, அழுகியது எதுவோ அதோடு சேர்ந்த மாதிரி. கத்திவிட்டேன். அவன் பதறிப்போய் அடுப்பைப் பார்க்க ஓடினான்.

பிப்ரவரி 5

வெங்காயமும். பூண்டும். வறுத்த எதுவும். ரொட்டியின் ஓடு கூட, அந்த ஓடு!

டாக்டர் சந்தோஷப்படுகிறார். அறுந்த நரம்பு திரும்ப முளைக்கும்போது முதலில் இப்படித் தாறுமாறாக இணைவது உண்டு, பலருக்கு இது மீண்டு வருவதன் அடையாளம் என்கிறார். 2022-ல் ரெடிங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இப்படி ஆனவர்களிடமே காப்பியின் வாசனை மூலக்கூறுகளைத் தனித்தனியாக முகரக் கொடுத்து, கந்தகம் கலந்த ஒன்றைப் பெரிய குற்றவாளியாகக் கண்டுபிடித்தார்களாம். மற்றவர்களுக்கு அதுவேதான் காப்பி வாசனை. நல்லது. இரண்டு மாதம் வெறுமையோடு சமைக்கப் பழகினேன், இப்போது சாக்கடையோடு பழக வேண்டும். அவர் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

பிப்ரவரி 8

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9

பசித்தது. தயிர், வாழைப்பழம், ஆறிப்போன உருளைக்கிழங்கு. ஆறியிருந்தால் தாங்க முடிகிறது, சூடு இருந்தால்தான் ஆவியோடு மேலே வருகிறது. வெங்காய சூப் ஒன்று மட்டும் சனிக்கிழமைக்கு வேண்டுமாம் தம்பிக்கு. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டு நீயே வதக்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். "எவ்வளவு நேரம்கா வதக்கணும்?" என்றான். முக்கால் மணி, ஸ்டூலைப் போட்டு உட்காரு.

பிப்ரவரி 12

முட்டைக்கோஸ் தப்பித்தது. குளிர்ந்தபடியே எடுத்துத் தின்றால் நாறவில்லை, புளிப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த ஜாடி போட்டாயிற்று, இந்தத் தடவை காரட்டும் இஞ்சியும். பாசி ரசத்தையும் ஆறவைத்துக் குடிக்க முடிகிறது.

நாளைக்கு அரிசி நூடுல்ஸை வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, வெள்ளரி, வினிகர், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள். எள்ளை வறுக்காமல் போட்டால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.