ஒற்றைச் சப்பாத்து

காலை 7 மணிக்குப் பாடசாலை வான் எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். தரம் 4 இல் படிக்கும் என் மூத்தவன் அந்த நேரத்தில் ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் பாதி ஏறிய காலுறையுமாக, விறாந்தைத் தூணில் ஊரும் எறும்பு வரிசையைப் பார்த்தபடி இருப்பான். குசினிக்குள் இடியப்பம் அவித்துக்கொண்டு நிற்கும் நான் ‘சப்பாத்தைப் போடு’ என்று ஐந்தாறு தடவை கத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ‘ஓம் அம்மா’ என்று பதிலும் வந்திருக்கும். அந்த ‘ஓம்’ ஏமாற்று என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். சப்பாத்தைப் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், போடத்தான் குனிந்தான், குனிந்த இடத்தில் எறும்பைக் கண்டுவிட்டான் என்பது எனக்கு விளங்க இரண்டு வருடங்கள் சென்றன.

அதுவரை எங்கள் வீட்டில் இதற்கு இருந்த பெயர் குழப்படி. என் அம்மா நாவூறு என்று சொல்லி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மாமா ஒருவர் ‘அடியாத மாடு படியாது’ என்றார். ரியூசன் வகுப்பு ஒன்றில் அவனை வாசலுக்கு வெளியே கதிரை போட்டு இருத்தியிருந்ததை, மழை பெய்த ஒரு நாள் நேரத்தோடு கூட்டிவரப் போனபோதுதான் கண்டேன். தூவானத்தில் கொப்பி ஊறிப்போயிருந்தது. அவன் அதைப் பற்றி ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை, வெளியே இருந்தால் ரோட்டால் போகிற லாண்ட்மாஸ்ரரைப் பார்க்கலாம் என்றான். வைத்தியரிடம் போவதென்று அன்றிரவு நானும் கணவரும் முடிவெடுத்தோம்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் அவதானக் குறைவு மிகை இயக்கக் குறைபாட்டை இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கானாலோ கண்டுபிடிக்க முடியாது. எங்களிடம் வைத்தியர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேள்விகள் கேட்டார். வகுப்பாசிரியை நிரப்புவதற்கு ஒரு படிவமும் தந்துவிட்டார். வீட்டில் மட்டும் குழப்படி, பாடசாலையில் அமைதி என்றால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பவை 2013 முதல் பின்பற்றப்படும் அமெரிக்க வரையறையின் நிபந்தனைகள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரவு ஒழுங்காக நித்திரை கொள்கிறானா என்பதையும் பார்த்த பின்னர்தான் பெயர் சொன்னார்கள்.

இந்தக் குறைபாட்டில் பரம்பரையின் பங்கு பெரிது, ஏறத்தாழ முக்கால்வாசி என்று ஆய்வுகள் சொல்கின்றன. வைத்தியர் அதைச் சொன்னபோது என் கணவர் ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தாங்கி நிரம்பி வளவெல்லாம் வெள்ளம் ஓடவிடுவது வாரத்தில் இரண்டு தடவையாவது நான்தான்.

நான் படித்தவற்றுள் என்னை மாற்றிய விடயங்கள் இரண்டு. ஒன்று, 2007 இல் அமெரிக்காவில் வெளியான மூளைப் படங்களின் ஆய்வு. மூளையின் மேற்படையான புறணியில் அரைவாசிப் பகுதி தன் உச்சத் தடிப்பை அடையும் வயது மற்றப் பிள்ளைகளில் நடுமட்டமாக ஏழரையாகவும் இந்தப் பிள்ளைகளில் பத்தரையாகவும் இருப்பதை அது காட்டியது. வளரும் ஒழுங்கு ஒன்றுதான், இவர்களுக்குக் காலம் பிந்துகிறது. மற்றது, ரசல் பார்க்லி என்ற உளவியலாளர் சொல்லும் ஓர் எளிய கணக்கு: தன்னைத் தானே கட்டுப்படுத்தும் திறனில் இந்தப் பிள்ளைகள் தம் வயதுக்கு ஏறத்தாழ 30 சதவீதம் பின்னால் நிற்கிறார்கள். என் மகனுக்கு 9 வயது. சப்பாத்து, புத்தகப்பை, பொறுமை ஆகிய விடயங்களில் மட்டும் அவனுக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளையிடம் குசினியில் நின்று கத்திவிட்டு வேலை நடக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, பக்கத்தில் போய் நிற்போம்.

ஆகவே, செய்யத் தெரியாததால் இந்தப் பிள்ளைகள் தவறுவதில்லை; தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில்தான் தவறுகிறார்கள். உதவியும் அந்த நேரத்தில், அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இரவு 8 மணிக்கு மடியில் இருத்தி நான் அன்போடு சொல்லும் புத்திமதி முழுவதையும் அவன் கேட்டு, விளங்கி, தலையாட்டி, சில வேளை அழவும் செய்வான். காலை 7 மணிக்கு அதில் ஒரு சொல்லும் மிஞ்சியிராது. யாழ்ப்பாணத்துத் தாய்மாராகிய நாங்கள் புத்திமதி சொல்வதில் வஞ்சகம் வைப்பதில்லை. அந்த உழைப்பில் பாதியை நான் வேறு வேலைக்குத் திருப்பினேன்.

முதல் வேலையாகச் சப்பாத்தின் இடத்தை மாற்றினேன். விறாந்தைத் தட்டிலிருந்து எடுத்து, காலுறைகளைச் சுருட்டி உள்ளே செருகி, குசினியின் பின்வாசற்படியில் வைத்தேன். அங்கே இருந்து போட்டால் அவன் எனக்கு மூன்று அடி தூரத்தில் இருக்கிறான். எதிரே வெறும் சுவர், தூணும் இல்லை எறும்பும் இல்லை. கை நின்றுவிட்டால் வாயைத் திறக்காமல் தோளில் தொடுகிறேன். அது போதுமாக இருக்கிறது. இப்போதும் வாரத்தில் ஒரு நாள் வான்காரர் காத்திருக்கத்தான் செய்கிறார், முன்பு ஐந்து நாளும் காத்திருந்தார்.

அடுத்தது கட்டளை. ‘குளிச்சிட்டு, உடுப்பை மாத்தி, கொப்பியை அடுக்கி வச்சிட்டு, சாமி கும்பிட்டிட்டு வா’ என்று ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்வது எங்கள் வழக்கம். நான்கையும் மனதில் வைத்திருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் வேலைதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம்; குளித்து முடிப்பதற்குள் மற்ற மூன்றும் போய்விடும். கிட்டப் போய், கண்ணைப் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லி, அதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகு அரைவாசிச் சண்டை நின்றுவிட்டது. ‘படிக்கிறியா?’ என்று கேள்வியாகக் கேட்பதையும் விட்டேன். கேள்வியாகக் கேட்டால் ‘இல்லை’ என்பதும் ஒரு நேர்மையான விடைதானே!

நேரம் இவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘இன்னும் பத்து நிமிடம்’ என்பது என் மகனுக்கு ‘பிறகு ஒரு நாள்’ என்பதுபோல. அவனது மேசைக்கு எதிரே பழைய சுவர் மணிக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் கண்ணாடியில் வெண்பலகைப் பேனையால் நிமிட முள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடம் வரை அப்பத்துண்டு போல நிறந்தீட்டி விடுவோம். முள் நகர நகர மிச்சத் துண்டு ஒடுங்குவதை அவன் பார்க்கிறான். முடிந்ததும் துணியால் துடைத்தால் போதும். இதைவிட மலிவான கருவியை நான் காணவில்லை.

வீட்டுப்பாடத்தை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டினோம். இருபது கணக்குகள் உள்ள பக்கத்தைக் கண்டவுடன் அவன் மேசையிலிருந்து வழுகி நிலத்துக்கு வந்துவிடுவான். கடதாசி மட்டையால் மறைத்து நான்கு மட்டும் தெரியவிட்டால் செய்கிறான். நான்கு முடிந்ததும் எழுந்து வேப்பமரம் வரை ஓடிவிட்டு வருவான். வாய்ப்பாட்டை இருந்து படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சீமெந்து முற்றத்தில் சோக்கால் இலக்கங்களை எழுதி, விடையின் மேல் பாயவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டை முடித்தோம். வாசிக்கும்போது இடது கையில் ஒரு புளியங்கொட்டை இருக்கும், அதை உருட்டிக்கொண்டேதான் வாசிப்பான். கை ஓடினால் மனம் நிற்கிறது. இதை நம்புவதற்குத்தான் என் அம்மாவுக்கு நீண்ட காலம் எடுத்தது.

வெகுமதி உடனே கையில் விழ வேண்டும். ‘ஆண்டிறுதியில் முதலாம் பிள்ளையாக வந்தால் சைக்கிள்’ என்பது அவனைப் பொறுத்தவரை வெறும் காற்று. ஒரு வேலை முடிந்தவுடன் ஒரு மஞ்சாடி விதை போத்தலுக்குள் விழும். பத்து விதை சேர்ந்தால் பின்னேரம் அப்பாவுடன் பண்ணைக் கடற்கரைக்குப் போகலாம். ஒருமுறை கொடுத்த விதையை எந்தக் கோபத்திலும் திருப்பி எடுக்கக்கூடாது. நான் ஒருமுறை எடுத்தபோது, ஒரு கிழமை அந்தப் போத்தலை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று நான்கு கிழமையில் எந்த ஒழுங்கும் அவனுக்குச் சலித்துவிடும். அப்போது விதைக்குப் பதில் சோகி, கடற்கரைக்குப் பதில் ஐஸ்கிறீம் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறோம்.

வகுப்பாசிரியையுடன் ஒரு சிறிய கொப்பி போய் வருகிறது. நாள் முழுவதன் குற்றப்பத்திரிகையை எழுத வேண்டாம், ஒரு விடயத்தை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டோம். இந்தத் தவணைக்கு அது ‘கை உயர்த்திவிட்டுப் பேசினானா’ என்பது. சன்னலுக்குத் தூரமாக முன்வரிசையில் இருத்தியதோடு, கொப்பிகளைச் சேர்த்து ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோகும் வேலையையும் அவர் தாமாகவே அவனுக்குக் கொடுத்தார். எழுந்து நடப்பதற்கு ஒரு மரியாதையான காரணம் கிடைத்துவிட்டது. அந்த ரீச்சருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

எங்கள் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். யோசிப்பதற்கு முன் பாய்ந்துவிடும் இயல்பினால் இந்தப் பிள்ளைகளுக்கு விபத்துகள் அதிகம். வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊரில், கட்டு உயரம்தானே என்று இருந்துவிடக்கூடாது. நாங்கள் இரும்புக் கம்பி வலை அடித்து மூடினோம். சைக்கிளில் ஒழுங்கையால் பிரதான வீதிக்கு ஏறும் இடத்தில் இறங்கி உருட்ட வேண்டும் என்பது விதை கொடுத்துப் பழக்கிய முதல் விடயங்களுள் ஒன்று.

குளிசை பற்றிப் பலர் என்னிடம் இரகசியமாகக் கேட்கிறார்கள். என் மகன் எடுப்பது மெதைல்பெனிடேற். 1944 இல் லியாந்திரோ பனிசோன் என்ற வேதியியலாளர் ஆக்கிய பழைய மருந்து. தன் மனைவி ரீற்றாவின் பெயரை வைத்துத்தான் ரிற்றலின் என்று பெயரிட்டார். பிள்ளையை மயக்கி இருத்தும் மருந்து என்பது பிழை, அது தூண்டும் வகையைச் சேர்ந்தது. குறுகிய நேர வகை ஏறத்தாழ 4 மணித்தியாலம் வேலை செய்யும். பசியைக் குறைக்கும், பிந்திக் கொடுத்தால் நித்திரையைக் கெடுக்கும். அதனால் காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுத்த பின்னரே கொடுக்கிறோம், பாடசாலையால் வந்து அவன் தொடாத சோற்றைப் பின்னேரம் புட்டாகவோ முட்டையாகவோ ஈடுசெய்கிறோம். உயரம், நிறை, குருதி அமுக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு தடவையும் வைத்தியர் பார்க்கிறார். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. தொடங்குவதையும் நிறுத்துவதையும் அயலவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம். குளிசை அவனை இருக்க வைக்கிறது. புத்தகப்பையை அடுக்குவது எப்படி என்று அது சொல்லிக் கொடுப்பதில்லை.

சீனிதான் காரணம் என்று அம்மா இனிப்பை ஒளித்து வைத்தார். எதைச் சாப்பிட்டார்கள் என்று பிள்ளைக்கும் தாய்க்கும் தெரியாமல் செய்த சோதனைகளை 1995 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. பல்லுக்காக ஒளிக்கலாம்.

என் தங்கையின் மகளையும் நினைக்கிறேன். அவள் ஓடுவதில்லை, ஒருவரையும் குழப்புவதில்லை. வகுப்பில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள், பென்சிலும் றப்பரும் நாளுக்கொன்று தொலையும், ‘நல்ல அமைதியான பிள்ளை’ என்று அறிக்கையில் எழுதுவார்கள். துள்ளாத வகையும் இதில் உண்டு, பெண் பிள்ளைகளிடம் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது. தங்கையிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம் இவனுக்குத் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை. பாடசாலை விட்டதும் ஒரு ரியூசன், சனி ஞாயிறு இன்னொன்று என்று வைத்திருந்ததில், சனி ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டோம். குளிசையின் வேகம் இறங்கிய பின்னேரங்களில் அவனை மூன்று மணித்தியாலம் இருத்திவைப்பதில் படிப்பு ஏறுவதில்லை, வெறுப்புத்தான் ஏறுகிறது என்பது என் அனுபவம். அந்த நேரத்தில் ஒழுங்கைப் பிள்ளைகளோடு கிளித்தட்டு மறிக்கிறான். கோட்டிலிருந்து விலகாமல் நின்று மறிப்பதற்கு அவனுக்கு யாரும் புத்திமதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெட்டுப்புள்ளி எவ்வளவு வரும், இவன் அதைத் தாண்டுவானா என்று மாமா இப்போதே தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.