ஆர்.பி.எம். முள் எழும்பாவிட்டால் மீற்றரை உடனே கழற்ற வேண்டாம்

வாழைச்சேனை, கல்முனைக் கரைகளில் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணும் சின்ன எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். மீற்றர் பெரும்பாலும் இருக்காது. ஸ்டியரிங் பூட்டிய பழைய 40 குதிரைவலு ரூ-ஸ்ரோக் போட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆளும் ஐஸ் பெட்டியும் ஏறியபின் முழு வேகத்தில் சுற்று எவ்வளவு இறங்குகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. சுற்று ஏறாமல் பாரம் இழுக்கும் எஞ்சினில் கரி படியும், பிஸ்டன் சூடேறும்.

பிளைவீல் காந்தங்கள் சார்ஜிங் கொயிலில் எழுப்பும் மின்துடிப்பை எண்ணித்தான் முள் நகர்கிறது. அதனால் முள் விழுந்தால் முதலில் பெற்றரியைப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற் அளவில் இருக்கும். நடு வேகத்தில் 13.5க்கு மேல் ஏற வேண்டும். ஏறாமல், முள்ளும் அசையாமல் இருந்தால் கொயிலின் ஏசி மின்னைப் பெற்றரிக்கு டிசியாக மாற்றும் ரெக்டிபையர்தான் பெரும்பாலும் போயிருக்கும். புது மீற்றர் வாங்கினாலும் அதுவும் செத்துத்தான் கிடக்கும்.

சார்ஜ் ஏறுகிறதா? சாவியைப் போட்டு, மீற்றரின் பின்னால் பிளஸ் முனைக்கும் ஏர்த்துக்கும் இடையில் 12 வோல்ற் வருகிறதா என்று பாருங்கள். யமஹாவில் பிளஸ் மஞ்சள், சிக்னல் பச்சை, ஏர்த் கறுப்பு. அமெரிக்க எஞ்சின்களில் பிளஸ் ஊதா, சிக்னல் சாம்பல். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மல்ரிமீற்றரை ஏசியில் வைத்து சிக்னல் வயரைத் தொடுங்கள். வேகம் கூட்டும்போது அளவும் கூட வேண்டும். கூடாவிட்டால் ரிமோட் பெட்டிக்குப் போகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். களப்பின் உவர் நீரும் வாடைக்காற்றின் உப்பும் பின்களில் களிம்பு ஏற்றியிருக்கும்.

முள் துள்ளினால் ஏர்த்தையும் பெற்றரி முனைகளையும் இறுக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மீற்றரின் பின்னுள்ள சின்னச் சுழல் சுவிட்சை ஸ்குறூ டிரைவரால் இரண்டு பக்கமும் பத்துத் தடவை திருப்பி, பழைய இடத்திலேயே விடுங்கள். அதற்குள் பிடித்த துருவால்தான் பல மீற்றர்கள் குப்பைக்குப் போகின்றன.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் பெற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் அதைக் கழற்றக் கூடாது, ரெக்டிபையர் எரியும். வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பெரிய மீற்றரின் துளை சுமார் 85 மில்லிமீற்றர்; வாங்குமுன் அளந்து பாருங்கள்.

அதிகம் பிழை விடுவது அந்தச் சுழல் சுவிட்சை எந்த எண்ணில் வைப்பது என்பதில்தான். 12 துருவக் (காந்த முனை) கொயில் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். சில மீற்றர்களில் துருவ எண்ணும் சிலவற்றில் துடிப்பு எண்ணும் அச்சிட்டிருக்கும். துருவ எண் போட்ட மீற்றரை அந்த எஞ்சினுக்கு 6இல் வைத்தால் 3000 சுற்று 6000 என்று காட்டும். 10இல் வைத்தால் 3600.

வயர்களை முறுக்கி ரேப் சுற்றாதீர்கள், ஒரு மழைக்காலம் தாங்காது. ஈயம் பூசிய வயரில் லக் என்ற உலோக முனையை நெரித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு, முனைகளில் வாசலின் தடவுங்கள்.

வோல்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் இல்லாத பழைய எஞ்சினுக்கு மூடிய பெற்றரி வைக்க வேண்டாம். வோல்ற் அளவுக்கு மீறி ஏறிப் புது மீற்றரையும் எரித்துவிடும். தண்ணீர் ஊற்றும் பெற்றரிதான் அதற்குச் சரி.

கடைசியில் வழக்கமான பாரத்தோடு தண்ணீரில் முழு வேகம் கொடுத்து, மீற்றர் காட்டும் சுற்றை எஞ்சின் கையேட்டில் உள்ள முழு வேகச் சுற்றோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் புறப்பெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும்.