கியர் பாக்ஸுக்குப் போன தப்புக் கணக்கு

காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் போட்ட புதிதில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலை பார்க்கப்படும் என்று நான் போர்டு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் யாரும் வந்திருக்கமாட்டார்கள். அம்பாசடரும் சுமோவும் ஓடிய ஊர் இது. அந்த வேலையை நான் கற்றுக்கொண்டது ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், பெஷாவரிலிருந்து வந்த ஒரு உஸ்தாதிடம். அவர் அதிகம் பேசமாட்டார். கழற்றிய கிளட்ச் பிளேட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டுவார். பாடம் அவ்வளவுதான்.

இப்போது நிலைமை வேறு. இசுசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று டீசல் பிக்கப்கள் செட்டிநாட்டுத் தெருக்களிலும் நிற்கின்றன. அவற்றை வாங்குகிற இளைஞர்களில் சிலர் ஷோரூமிலிருந்து எடுத்த சூட்டோடு இன்ஜினை ரீமேப் செய்யக் கொண்டுபோகிறார்கள். அதாவது, கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டி பவரை ஏற்றுவது. இன்ஜின் தாங்கிவிடும். அதற்குப் பின்னால் இருப்பதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

அப்படி வந்ததுதான் பள்ளத்தூர்க் குடும்பத்து ஹைலக்ஸ். புதுவயலில் அரிசி ஆலை, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். தோட்டத்துக்கு மோட்டார், பைப், உரமூட்டை என்று பின்னால் ஏற்றிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் மலையேறுகிற வண்டி. வெளியூரில் ஓர் இடத்தில் ரீமேப் செய்திருந்தார்கள். டொயோட்டா கொடுப்பது 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜின் சுழற்றுகிற விசை. ரீமேப்புக்குப் பிறகு டார்க் அறுநூறைத் தொடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பட்டிவீரன்பட்டி தாண்டி மலை தொடங்கியதும் இன்ஜின் சுற்றுகிற வேகம் (ஆர்பிஎம்) ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கொஞ்ச தூரத்தில் கியர் பாக்ஸ் எண்ணெய் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வருகிறது. நிறுத்தி ஆறவைத்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கிறது.

ஆட்டோமேட்டிக் என்றால் பூஞ்சை, மேனுவல்தான் உறுதி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதே ஹைலக்ஸில் மேனுவலுக்கு டொயோட்டா 420 நியூட்டன் மீட்டர்தான் கொடுக்கிறது. முழு 500-உம் ஆட்டோமேட்டிக்குக்குத்தான். ஆறு கியர் உள்ள அந்தப் பெட்டி தன் அளவுக்குள் நல்ல உழைப்பாளி. அளவைத் தாண்டும்போது அது எங்கே தோற்கிறது என்பது தெரிய வேண்டும்.

இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றுமே, அதேதான். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். வண்டி கிளம்பும்போது இன்ஜின் தரும் டார்க்கை இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருக்கிக் கொடுக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அந்த வழுக்கலில் போகிற சக்தியெல்லாம் சூடாக எண்ணெயில் இறங்கும். அதனால்தான் உள்ளே லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று வைத்து, வேகம் வந்ததும் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக மெதுவாக ஏறும்போது அந்தப் பூட்டு சரியாக விழாது. விழுந்தாலும் கூடுதல் டார்க் வந்தால் வழுக்கும். 95 டிகிரிக்குப் பக்கத்தில் நெடுநாள் உழைக்கிற எண்ணெய் 120-ஐத் தாண்டிவிட்டால் சீக்கிரம் கருகிவிடும்.

எண்ணெயை இறக்கினோம். புதிதில் சிவப்பாக இருப்பது, கடுங்காப்பி நிறத்தில் வந்தது. உஸ்தாத் மூக்குக்கு நேரே நீட்டிய அதே வாசனை. அடிச்சட்டியின் காந்தங்களில் சாம்பல் நிற மசி ஒட்டியிருப்பது எந்த கியர் பாக்ஸிலும் உண்டு, அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இதில் சட்டியின் மூலையில் கருப்பாகப் பொடிப் பொடியாகக் கிடந்தது கிளட்ச் பிளேட்டின் மேற்பூச்சு. பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வண்டிக்காரத் தம்பி அமெரிக்க வீடியோக்களை நிறையப் பார்த்தவர். "அண்ணே, எப்படியும் பிரிக்கத்தானே போறோம். பில்லட் ஷாஃப்ட் போட்டுருவோம். ட்ரிபிள் டிஸ்க் கன்வர்ட்டர் போட்டுருவோம். அங்க எல்லாரும் அதான் போடுறாங்க." பில்லட் ஷாஃப்ட் என்பது ஒரே இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த உறுதியான தண்டு. ட்ரிபிள் டிஸ்க் என்பது லாக்-அப்புக்கு மூன்று பிளேட் உள்ள கன்வர்ட்டர்.

அங்கே போடுகிறார்கள், உண்மைதான். அந்த வண்டிகளின் கணக்கு வேறு. 2001-இல் ஜிஎம் கம்பெனி தன் பெரிய பிக்கப்களில் டியூராமேக்ஸ் டீசல் இன்ஜினோடு அலிசன் 1000 என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைச் சேர்த்துக் கொண்டுவந்தபோதே டார்க் 705 நியூட்டன் மீட்டர். 2019-இல் ராம் என்ற பிக்கப்பில் கம்மின்ஸ் இன்ஜின் 1,356-ஐத் தொட்டுவிட்டது. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, அதற்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு எடையுள்ள டிரெய்லர். அதையும் ரீமேப் செய்கிறவர்களுக்கு கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுவருகிற இன்புட் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு ஒடிவது நிஜமான பயம். காப்பித் தோட்டத்துக்கு உரம் ஏற்றுகிற ஹைலக்ஸில் ஷாஃப்ட் ஒடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கிளட்ச் கருகிவிடும். ஒடியாத சாமானுக்குப் பணம் போடுவானேன்?

அந்த அலிசனில் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. உள்ளே சுற்றுகிற வேகத்தையும் வெளியே வருகிற வேகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கிளட்ச் வழுக்குகிறது என்று தெரிந்தால் லிம்ப் மோடுக்கு, அதாவது தன்னைக் காத்துக்கொள்ள நொண்டி ஓடுகிற நிலைக்கு, போய்விடும். இன்ஜினை ஏற்றிவிட்டு, அலிசன் அடங்கிப்போகிறது என்று திட்டியவர்கள் உண்டு. அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன்.

ஹைலக்ஸுக்கு வருவோம். பிரிப்பதற்கு முன்பே, கம்ப்யூட்டர் எண்களைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்ததில் முக்கியமான ஒன்று பிடிபட்டது. கியர் பாக்ஸுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் கியருக்குக் கியர் பிடித்து விடுகிற கிளட்சுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதற்கு ஆதாரம், இந்த நொடியில் இவ்வளவு டார்க் கொடுக்கிறேன் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் அனுப்புகிற கணக்கு. இந்த ரீமேப்பைச் செய்தவர்கள், கம்ப்யூட்டரில் உள்ள டார்க் வரம்பு வந்து தடுக்கக் கூடாது என்று அந்தக் கணக்கையே குறைத்து எழுதிவிட்டிருந்தார்கள். வண்டி இழுக்கிற இழுவைக்கும் ஸ்கேனரில் ஓடிய எண்ணுக்கும் பொருத்தமே இல்லை. ஐந்நூற்றுக்கும் குறைவு என்று நம்பி கியர் பாக்ஸ் அதற்கேற்ற அழுத்தத்தில் பிடிக்கிறது, உள்ளே வருவதோ அதற்கு மேலே. வழுக்காமல் என்ன செய்யும்?

தம்பிக்கு இதை விளங்கவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படிச் சொல்வார்கள்) ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "வரவைக் கம்மியாக் காட்டியிருக்கான். அதை நம்பி செலவு பண்ணுனவன் மாட்டிக்கிட்டான். அதானே?" மலேசியாவில் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவர். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால் வேலை இப்படி முடிவானது. பழைய ஷாஃப்ட் அப்படியே இருக்கும். கிளட்ச் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் புதிது. எண்ணெயை எந்தக் கிளட்சுக்கு அனுப்புவது என்று வழிவிடுகிற வால்வு பாடியைப் பிரித்துச் சுத்தம் செய்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவது. லாக்-அப்புக்கு ஒற்றைப் பிளேட் இருந்த இடத்தில் பல பிளேட் உள்ள கன்வர்ட்டர். ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர், டேஷ்போர்டில் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, ரீமேப்பை இறக்கி, டார்க் கணக்கை உள்ளபடி அனுப்பும்படி திருத்துவது. இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் தம்பி முகம் வாடியது. காசு கொடுத்து ஏற்றியதை காசு கொடுத்து இறக்குவதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இறக்காவிட்டால் வண்டியை எடுத்துப்போகலாம் என்று சொல்லிவிட்டேன். வாரண்டியை மறந்துவிட வேண்டும் என்பதையும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் சேர்த்தே சொன்னேன். பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அமெரிக்க வீடியோவில் இதெல்லாம் வராது.

லாக்-அப்பை டிரைவரே சுவிட்சைப் போட்டுப் பூட்டுகிற கிட் வேண்டும் என்றும் கேட்டார். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுப்பவர்கள் அதை விரும்பிப் போடுகிறார்கள். மலையில் சூடு குறையும் என்பது சரி. ஆனால் கம்பெனி கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு அதை மட்டும் போட்டால் அந்த ஒற்றைப் பிளேட்டைக் கொன்றுவிடுவோம். கன்வர்ட்டர் மாறுவதால் சம்மதித்தேன்.

சாமான் கப்பலேறி, சுங்கம் கட்டி வந்து சேர்ந்த கதையை விடுங்கள். அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

பாகங்களைச் சேர்த்து கியர் பாக்ஸைத் திரும்பப் பூட்டுவதற்கு இடம்தான் பிரச்சினை. வால்வு பாடியின் வழித்தடங்களில் ஒரு தூசு சிக்கினாலும் வால்வு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஷெட்டிலோ காற்றடித்தால் செம்மண் படியும். அப்பச்சிதான் வழி சொன்னார். வீட்டு இரண்டாம் கட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அங்கே வைத்துப் பூட்டுங்கள் என்றார். கனத்த சுண்ணாம்புச் சுவர், சித்திரையிலும் குளுமை, காற்று புகாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து வேலை பார்த்தோம். ஆச்சி ஒரு நிபந்தனை போட்டார்: தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது. என்னோடு இருந்த ஐடிஐ முடித்த பையன் நான் சொன்னதைவிட ஆச்சி சொன்னதைத்தான் பயந்து கேட்டான்.

இந்த வேலையில் அப்கிரேட் என்று ஊர் பேசுவது சாமானைப் பற்றி. எனக்கு அது பாதிதான். புது கிளட்ச் பிளேட்டைப் புது எண்ணெயில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். உலர்ந்ததைப் போட்டால் முதல் பிடியிலேயே கருகும். பேரிங்குகளும் குட்டிக் குட்டிக் குண்டுகளும் விழாமல் நிற்க கிரீஸ் தடவக் கூடாது, வாசலின்தான். வாசலின் எண்ணெயில் கரைந்துவிடும், கிரீஸ் போய் ஓட்டையை அடைக்கும். வேஸ்ட் துணியால் துடைக்கவே கூடாது, நூல் விடும். ஒவ்வொரு கிளட்சையும் பூட்டியதும் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவுகோலால் அளந்து, கம்ப்ரஸர் காற்றை விட்டுப் பார்க்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். 'புஸ்' என்று வந்தால் சீல் எங்கோ மடிந்திருக்கிறது, திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். கடைசியில் கன்வர்ட்டர் பம்புக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று ஆழத்தை அளக்காமல் இன்ஜினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கினால், பம்பு அங்கேயே உடையும். எவ்வளவு விலையுள்ள கன்வர்ட்டராக இருந்தாலும் இதுதான் விதி.

எண்ணெய் நிரப்புவதில் செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல். இதில் டிப் ஸ்டிக் கிடையாது. எண்ணெய் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அடியில் உள்ள பிளக்கைத் திறந்து வழிவதைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். குளிர் நாட்டில் இன்ஜினை ஓடவிட்டு எண்ணெய் சூடாகக் காத்திருப்பார்கள். இங்கே சித்திரை மதியத்தில் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே எண்ணெய் 38 டிகிரி காட்டுகிறது. ஸ்டார்ட் செய்து எல்லாக் கியரையும் ஒரு சுற்று போட்டுவிட்டு அடியில் போய்ப் படுப்பதற்குள் அளவு தாண்டிவிடும். அதனால் பால்காரர் வரும் நேரத்துக்கு முன்பே எழுந்து அந்த வேலையை முடித்தோம்.

முதலில் திருமயம் ரோட்டில் ஓட்டினோம். அப்புறம் உரமூட்டைகளோடு தாண்டிக்குடி. பெரும்பாறை ஏற்றத்தில் மீட்டர் 98-க்கு மேல் போகவில்லை. தம்பிக்கு டார்க் குறைந்ததே தெரியவில்லை. தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ. வழுக்கலில் போய்க்கொண்டிருந்த சக்தி இப்போது சக்கரத்துக்கு வருகிறது, அதனால் வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்றுதான் சொன்னார்.

புகார் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்த ஆச்சி, "ஏம்ப்பா, முன்னெல்லாம் கியர் மாறுறதே தெரியாது. இப்ப பின் சீட்டுல உக்காந்தா முதுகுல தட்டுது. இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டார். அழுத்தத்தைக் கூட்டினால் கிளட்ச் சட்டென்று பிடிக்கும். அந்தத் தட்டு இருந்தால்தான் பிளேட் பிழைக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் மெதுவாக ஓட்டும்போது மட்டும் அழுத்தத்தைத் தளர்த்தி, சுமையோடு மிதிக்கும்போது பழையபடியே பிடிக்கும்படி வைத்துக் கொடுத்தேன். ரேஸ் வண்டி செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்த வண்டியில் ஆச்சியும்தான் போகிறார்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில் இன்னும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. கம்ப்யூட்டர் புது பிளேட்டுகளைப் பழகிக்கொள்ளக் கொஞ்சம் ஓட வேண்டும், ஓடினால் போகக்கூடும். போகாவிட்டால் அந்த வழியில் உள்ள சோலினாய்டை, அதாவது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வை, பார்க்க வேண்டும். காப்பி எடுப்பு முடிந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.