ப்ளெசன்டன் கவுண்டி ஃபேருக்குச் சின்னப் பிள்ளைகளோடு

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டிய ஜூன் மாதத்தில் அதே கலிஃபோர்னியாவின் உள்பகுதியிலுள்ள ப்ளெசன்டனில் வெயில் சில நாட்களில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். கடலிலிருந்து வரும் குளிர்காற்றை நடுவிலுள்ள குன்றுகள் தடுத்துவிடுகின்றன. கால்நடைக் காட்சியும் ராட்டினமும் சேர்ந்த மாவட்டத் திருவிழாவான அலமீடா கவுண்டி ஃபேர் நடப்பது இங்கேதான், ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வாயில் திறக்கும் நேரத்துக்குப் போய், வெயில் உச்சிக்கு ஏறி இறங்குவதற்குள் கிளம்பிவிடுவதே நல்லது. மாலைக் கச்சேரியும் விளக்கு வெளிச்சமும் அழகுதான், ஆனால் அவை பெரியவர்களுக்கானவை. வாரத்தில் சில நாட்கள் ஃபேர் மூடியிருக்கும் என்பதால் அட்டவணையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

680 நெடுஞ்சாலையில் வந்தால் பெர்னல் அவென்யூவில் இறங்க வேண்டும். பார்ட் ரயிலில் டப்ளின்–ப்ளெசன்டன் நிலையம் வரை வந்து பஸ் பிடிக்கலாம். ஸ்ட்ரோலரும் தண்ணீர் பாட்டிலும் மாற்றுத் துணியும் இருக்கும்போது காரே வசதி. எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் கார் தேடுவது பெரிய கொடுமை.

உள்ளே நுழைந்ததும் ராட்டினங்கள் கண்ணைப் பறிக்கும். அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகக் கால்நடைக் கொட்டில்களுக்குப் போங்கள். ராட்டினத்தில் ஒருமுறை ஏறிய பிள்ளை அதைவிட்டு வராது. தவிர, மாடுகளும் ஆடுகளும் காலையில்தான் எழுந்து நிற்கும், தீனி தின்னும், குளிப்பாட்டப்படும். மதியத்தில் போனால் வைக்கோலில் படுத்த முதுகுகளை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். வெள்ளைச் சட்டையும் பச்சைக் கழுத்துத் துண்டுமாக அங்கே நிற்கும் பிள்ளைகள் 4-ஹெச் என்ற சிறுவர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். நீல ஜாக்கெட் போட்டவர்கள் எஃப்.எஃப்.ஏ. என்ற விவசாயக் கல்வி அமைப்பின் மாணவர்கள். அந்தக் கன்றையும் ஆட்டையும் பல மாதங்கள் வளர்த்தவர்கள் அவர்களே. "இதற்குப் பெயர் என்ன? ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?" என்று கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். அனுமதி கேட்காமல் தொடக் கூடாது. கிடாரியின் பின்புறமாகப் பிள்ளையை நிறுத்தவே கூடாது. மூடிய ஷூ அவசியம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்கும்: "அப்புறம் இந்த ஆடு வீட்டுக்குப் போயிடுமா?" இறைச்சிக்காக வளர்க்கப்படும் கிடா, பன்றி, காளை எல்லாம் ஃபேரிலேயே ஏலம் போகின்றன. வளர்த்த சிறுவர்களில் பலர் ஏல நாளில் விலங்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். என்ன பதில் சொல்வது என்று காரிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. "பால் கறக்கும் மாடு பண்ணைக்குத் திரும்பும், மற்றவை விற்கப்படும்" என்பது நான்கு வயதுக்குப் போதும். பதிலுக்குத் தயாராக இல்லையென்றால் ஏல நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பன்றிக் கொட்டிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2012-இல் பன்றிகளிடமிருந்து பரவிய ஃப்ளூ அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. பெரும்பாலானவர்கள் இத்தகைய ஃபேர்களுக்குப் போன பிள்ளைகள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் பன்றிக் கொட்டிலுக்குள் போகாமல் இருப்பதே நல்லது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பன்றிக்குட்டிகளின் ஓட்டப் பந்தயம் திறந்தவெளியில் நடக்கும். அதைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தாலே பிள்ளைகள் குதூகலிப்பார்கள்.

இன்னொரு கிருமி ஈ. கோலை. ஆடுமாடுகள் நோயின்றித் திடமாக இருக்கும்போதே அவற்றின் சாணத்தில் இது இருக்கும். ரோமத்திலும் கம்பியிலும் தடுப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கும். 2019-இல் சான் டியாகோ கவுண்டி ஃபேருக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இது தொற்றி, இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்துபோனது. ஆகவே கொட்டிலுக்குள் பால் புட்டி, பாசிஃபையர், தின்பண்டம் எதையும் கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 20 விநாடி கையைக் கழுவ வேண்டும். சானிடைசர் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அழுக்கும் பிசுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. எதையும் தொடாமல் ஸ்ட்ரோலரில் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கும் கழுவிவிடுங்கள்.

பிறகு ராட்டினம். உயரக் கணக்கு வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். 36 அங்குலம் (91 செ.மீ.), 42 அங்குலம் (107 செ.மீ.), 48 அங்குலம் (122 செ.மீ.) என்ற அளவுகளே அடிக்கடி வரும். வரிசையில் இருபது நிமிடம் நின்றபின் அளவுகோலுக்கு ஒரு விரல் குறைந்தால், பிள்ளை அழுதாலும் நடத்துபவர் விடமாட்டார், விடவும் கூடாது. துணைக்குப் பெரியவர் ஏறினால் அவருக்கும் டிக்கெட் உண்டு. மூன்று நான்கு ராட்டினத்தோடு களைத்துவிடும் வயதுக்கு நாள் முழுவதற்குமான ரிஸ்ட் பேண்ட் (கையில் கட்டும் அனுமதிப் பட்டை) நஷ்டம். தனி டிக்கெட்டே போதும். வெயிலில் கிடந்த சறுக்குமரமும் உலோக இருக்கையும் சுடும், உட்கார வைக்குமுன் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்.

சைவக் குடும்பங்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் சிக்கல். கார்ன் டாக் என்பது மாவில் தோய்த்துப் பொரித்த இறைச்சி. பெயரில் சோளம் இருப்பதை நம்பி வாங்கிவிட வேண்டாம். அது பொரிந்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரிந்திருக்கலாம், கேளுங்கள். ஃபனல் கேக் மாவில் வழக்கமாக முட்டை உண்டு. சுட்ட சோளக்கதிர், நறுக்கிய பழம், லெமனேட் ஆகியவற்றை நம்பலாம். கெட்டில் கார்ன் என்ற இனிப்புப் பாப்கார்னை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போக விரும்பினால் வெளி உணவு பற்றிய அந்த ஆண்டு விதியை முன்பே பார்த்துவிடுங்கள். ஐஸ் பையோடு வைத்தால்தான் அந்த வெயிலில் தாங்கும்.

பிள்ளையின் முன்கையில் உங்கள் போன் எண்ணை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். காலையிலேயே ஒரு படம் எடுத்துவைத்தால் என்ன சட்டை போட்டிருந்தது என்பதில் குழப்பம் வராது.

கிளம்பும்போது எல்லோருடைய ஷூவையும் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். கொட்டிலுக்குள் உருண்ட ஸ்ட்ரோலர் சக்கரத்தை வீட்டுக்கு வெளியே வைத்தே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மறந்தால் சாணம் நடுக்கூடத்துக்கு வரும். ஈ. கோலையின் அறிகுறிகள் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்து, சில சமயம் பத்து நாள் கழித்தும் வரும். ரத்தம் கலந்து வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் கைமருந்து கொடுக்காமல் மருத்துவரிடம் போய், பிள்ளை கால்நடைக் கொட்டிலுக்குப் போய்வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.