கோடு போடும் கை

மார்ச் 4
காலையில் கையில் நடுக்கம் இல்லை. மதியம் வந்துவிட்டது.

மார்ச் 5
கான்வாஸுக்குப் பூசிய ஜெஸ்ஸோ, அந்த வெள்ளை அடிப்பூச்சு, காய்ந்துவிட்டது. ரொம்பத் தேய்க்கவில்லை, கான்வாஸின் நெசவு கொஞ்சம் தெரிய வேண்டும். பென்சில் அந்த நெசவில் தட்டித் தட்டிப் போனால்தான் கோட்டுக்கு உயிர். பென்சில் கோடுகளும் கட்டங்களுமாகப் போட்ட அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் படங்களைத் தள்ளி நின்று பார்த்தால் வெறும் மூட்டம். கிட்டே போனால் கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது எல்லாம் தெரியும். ஸ்கேல் வைத்துப் போட்டாலும் கை தெரிந்துவிடும். இத்தனை காலம் எனக்குப் பிடித்ததே அதுதான். இப்போது பயமும் அதுதான்.

மார்ச் 8
டாக்டர் எடுக்கச் சொன்ன டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 9
நம்மூர் ஓவியர் நஸ்ரீன் முகமதி நினைப்பாகவே இருக்கிறது. அவரும் கோடுகளாகவே வரைந்தவர். 1937இல் பிறந்து 1990இல் போய்விட்டார். நரம்பு நோய் உடம்பை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்ட வருடங்களிலும் பேனாவும் வரைகருவிகளுமாக உட்கார்ந்து போட்டிருக்கிறார். தாளில் பெரும்பகுதி காலி, குறுக்கே சாய்வாகச் சில கோடுகள், அவ்வளவுதான். ஒன்றுகூடப் பிசகவில்லை. எப்படி? பெரும்பாலான படங்களில் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. எது கை சொன்னபடி கேட்ட நாளில் போட்டது, எது கேட்காத நாளில் போட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. ராத்திரியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மார்ச் 10
"நாலு கோடுதானே, கம்ப்யூட்டரில் போட்டு பிரிண்ட் எடுத்துடலாமே" என்கிறான் தம்பி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

மார்ச் 13
மார்ட்டின் எண்பது வயதுக்கு மேல் ஆறடிச் சதுரத்தை விட்டு ஐந்தடிக்கு வந்தார். தூக்க, நகர்த்த முடியவில்லை, அதனால். நானும் அளவைக் குறைக்கலாமா? என் பிரச்சினைக்கு அது உதவாது. சின்னப் பரப்பில் ஒரு நடுக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

மார்ச் 14
ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 16
இன்று ஒன்று கவனித்தேன். கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆடுகிறது. பென்சில் முனை துணியைத் தொட்டதும் அடங்கிவிடுகிறது. எடுத்தால் திரும்ப வருகிறது. மேலிருந்து கீழே வரை முனையை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தேன். நன்றாகவே வந்தது! அப்புறம் அடுத்தது. சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மார்ச் 17
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கே வரச் சொல்கிறார்கள். இடது பக்கம் இன்னும் பாதி பாக்கி. 2எச் பென்சில் வேறு தீர்ந்துவிட்டது.